விலாசம்

ஐப்பசி பதினொன்று. இரவு ஒன்பதே கால்.
கண்டனூருக்கு மேற்கே, தைலமரக்காடு முடிகிற பள்ளம்.
மழை விட்டு அரைமணி.
படிவத்தில் இவ்வளவுதான்
கை நடுங்காமல் எழுத முடிந்தது.

மற்றதெல்லாம் கட்டைவிரல் நகத்தளவு.

இரண்டு இனம். இரண்டுக்கும் குறுகிய வாய்,
ஒரே குந்தல், ஒரே தண்ணீரில் ஒரே அவசரம்.
பனங்கருக்கை நகத்தால் இழுத்தாற்போன்ற குரல்,
இரண்டும் சேர்ந்து இழுக்கையில்
எந்த மட்டையில் எந்த நகம்?
ஒன்றின் முதுகில்
கண்களுக்கு நடுவே மெலிதாகத் தொடங்கி
இடுப்புக்குப் போகப்போக அகலும் கறை,
மை சிந்திய தாளை மடித்துப் பிரித்தது மாதிரி.
மற்றது சிவப்பு. விலாவோரம் கறுப்பாக ஒரு கோடு.
புத்தகத்தில் இவை எதிரெதிர்ப் பக்கத்தில்
பெண்வீடு மாப்பிள்ளைவீடு போலத்
தெளிவாக உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே செம்மண்.
என் செருப்பு சிவப்பு, பள்ளத்துத் தண்ணீர் சிவப்பு,
சிகப்பியின் முழங்கால் சிவப்பு,
நெற்றிவிளக்கில் மோதி விழும் ஈசல்கூட
விழுந்த மறுகணம் சிவப்பு.

"சிவப்பு. பதிமூணு" என்றேன்.
எழுதுவதை நிறுத்தினாள்.
"பதிமூணுமா?
எனக்குந்தான் சிகப்பின்னு பேரு வச்சிருக்காக.
பாத்தாத் தெரியுதா?"

குடிக்க வைத்திருந்த தண்ணீரில்
இரண்டு மூடி டப்பாவுக்குள் விட்டாள்.
குலுக்கவில்லை. காத்திருந்தோம்.
மண் தன் பாட்டுக்கு அடியில் இறங்கியது.
தவளையின் முதுகிலிருந்து ஊர் கழன்று போனது.
வெளிறிய தோலில், நடு முதுகில்,
மை சிந்தியிருந்தது.

போன மூன்று இரவுகளின் தாள்களைப்
பைக் கண்ணாடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
அடித்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
பன்னிரண்டு வரி.
பன்னிரண்டில் ஏழெட்டு சரியாகவே இருந்திருக்கலாம்.
எந்த ஏழு என்று தெரியாதபோது
அவையும் தப்புதான்.

சிகப்பி வீட்டில் மூன்று மெய்யப்பன்.
சித. மெய்யப்பன், அரு. மெய்யப்பன்,
பினாங்கிலிருந்து பொங்கலுக்கு வரும் ராம. மெய்யப்பன்.
பெயருக்கு முன்னால் அப்பாவும் அப்பாவின் அப்பாவும்
ஆளுக்கொரு புள்ளி வைத்துக்கொண்டு நிற்பார்கள்.
விலாசம் என்கிறார்கள் அதை.
மொய் நோட்டில் ஒரு ரூபாய் ஆள் மாறாது.
எனக்கு ஒரே எழுத்து.
விண்ணப்பங்களில் அதுவும் சமயத்தில் விழுந்துவிடும்.

இவற்றுக்கு விலாசம் உள்ளங்காலில்.
பின்காலைத் திருப்பினால் இரண்டு முண்டு.
மண்வெட்டி போலப் பெரிதாக இருந்தால்
சிவப்பன், மணலைத் தோண்டி இறங்குகிறவன்.
சிறுத்திருந்தால் மற்றவன்.
நிறத்தைக் கேட்காதே, காலைக் கேள் என்று
மூன்று நாளைக்கு முன்பே நான் படித்திருந்தேன்.
குனிந்து ஒரு காலைத் திருப்பச்
சோம்பல், அவ்வளவுதான்.

பதினாலாவது, தைல இலைச் சருகுக்கடியில்.
கழுவினோம். சிவப்பு போகவில்லை.
மறுபடி கழுவினோம். போகவில்லை.
விலாவில் கோடு இருப்பதாக அவள் சொன்னாள்.
ஈரம் மினுங்குவதாக நான் சொன்னேன்.
இரு விரலுக்கு நடுவே மெல்லத் திருப்புகையில்
ஒரு பாதம் தெரிந்தது, அதன் அடி தெரியவில்லை,
பிறகு விரல்கள் மட்டும் இருந்தன.

பத்து நிமிடம் தேடினோம்.
தேடுகிற இடத்தையே மிதித்துவிடுவோமோ என்று
ஒற்றைக்காலில் நின்று தேடினோம்.

புட்டியில் மிச்சமிருந்த ஒரு வாயை
எனக்குக் கொடுத்துவிட்டு
சிகப்பி படிவத்தை வாங்கினாள்.
இனம் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.
குறிப்பு என்ற கட்டத்தில்
அவளுடைய சாய்ந்த கையெழுத்தில்:
கழுவியும் சிவப்பு. கால் பார்க்கவில்லை.
தாண்டிவிட்டது.

பள்ளத்தின் அந்தப் பக்கம்
யாரோ கருக்கை இழுக்கத் தொடங்கினார்கள்.