பட்டியலில் இல்லாதவை

சேர் தந்த துண்டில் பன்னிரண்டு சாமான்.
துவாய், சவர்க்காரம், கோப்பை, ரோச் லைற்...
துவாரகன் ஒவ்வொன்றுக்கும் சரி போடுகிறான்
பென்சிலை நாக்கில் நனைத்து நனைத்து.

காரைநகர்க் கடற்கரையில் இரண்டு இரவு,
குருளைச் சாரணருக்குக் கூடாரம்.
'காம்ப்' என்று சொல்கிறான்
ஐஸ்கிறீம் என்பதுபோல.

கோப்பையின் அடியில் நகப்பூச்சால்
பெயர் எழுதினேன்.
காயும்வரை ஊதச் சொன்னேன்,
எச்சில் தெறிக்க ஊதினான்.

பிறகு என் கை தன்பாட்டில்
பொலித்தீனில் சுற்றிப்
பையின் அடியில் செருகியதை
அவன்தான் கண்டுபிடித்தான்.

"பிறப்புப் பத்திரம் எதுக்கம்மா?
லிஸ்ற்றில இல்லையே."

இல்லைத்தான்.
வறுத்த மாவும் இல்லை, ஒரு சுண்டு.
அதையும் தூக்கி மேசையில் வைத்தான்.
தீப்பெட்டியையும்.
மெழுகுதிரியை மட்டும்
கொஞ்சநேரம் யோசித்துவிட்டு
வைத்திருந்தான்.

விடிய ஐந்தே முக்காலுக்குப்
பள்ளிக்கூட வாசலில் பஸ்.
கொக்குவில் சந்தி தாண்டும்வரை
என் கைக்குள் அவன் கை.
பிறகு உருவிக்கொண்டான், கூட்டாளிமார் பார்ப்பார்களாம்.

ஏறும்முன்
கழுத்தில் தொங்கிய விசிலைக்
கன்னம் உப்ப ஊதிக் காட்டினான்.
நீளமாய், கீச்சென்று.

மதிலோரம் படுத்திருந்த நாய்
எழும்பி ஓடியது.

நான் குனியவில்லை.