மூன்றாம் எண்

நாட்டுக்காக ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும்
ஒரு தொப்பி என்று கணக்காம்.
இருநூறைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள்:
குவைத்துக்காரர் ஒருவர், போர்ச்சுகல்காரர் ஒருவர்.
மலேசியாக்காரர் ஒருவருக்கு
ஒலிம்பிக் ஆட்டங்களைச் சேர்த்தால் ஓர் எண்,
கழித்தால் இன்னோர் எண்.
மங்காஃபில் எட்டுப் பேர் படுத்த அறையில்
இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் கிடந்து
இதைப் போனில் படித்தபோது
முதலில் தோன்றியது,
இவ்வளவு தொப்பியை எந்தப் பீரோவில் வைப்பார்கள்?
என்னிடம் இருந்தது ஒன்று. வெள்ளை. ஜும்ஆவுக்கு.

ஊர் திரும்பி முத்துப்பேட்டை அணிக்குச் செயலாளர் ஆனேன்.
செயலாளர் என்றால்
பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது,
கோரையாற்றில் விழுந்த பந்துக்கு
நீச்சல் தெரிந்த பையனைத் தேடுவது.
கூடவே நோட்டு.
அரிசி மில் கணக்கைக் கவிழ்த்துப்போட்டுப் பின்பக்கத்திலிருந்து
யார் எத்தனை ஆட்டம் என்று எழுதினேன்.

வைரக்கண்ணு. ஜாம்பவானோடை. இடது பேக்.
அவனுக்கு மட்டும்
பக்கம் தீர்ந்து அடுத்த பக்கம் போனது.

பட்டுக்கோட்டையில்
முப்பத்தோராம் நிமிடம் மழை. பந்து மிதந்தது.
அது ஓர் ஆட்டமா?
பேராவூரணிக்காரர்கள் வராத அன்று
வரிசையாக நின்றோம், கைகுலுக்க ஆளில்லை,
வேனில் ஏறித் திரும்பினோம். அது?
திருத்துறைப்பூண்டியில் கடைசி நிமிடம் இறங்கினான்,
விசில் ஊதிவிட்டார்கள்.
அது ஆட்டம்தான். பந்து காலில் பட வேண்டாம்,
கோட்டைத் தாண்டினால் போதும்.
மழையை எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.
அந்த வரியில் தாள் நைந்து
மறுபக்கத்து நெல் மூட்டைகள் தெரிகின்றன.

‘நூத்தித் தொண்ணூத்தொம்பது வைரம்’ என்றேன்.
‘ரூபாயா?’ என்றான்.

இருநூறாவது, சொந்த மைதானத்தில், காரைக்காலோடு.
டெய்லர் நிஜாமுதீனிடம்
பச்சை வெல்வெட்டில் ஒரு தொப்பி தைத்தேன்,
இருநூறு என்று ஜரிகையில்.
மாலை சொன்னேன். மைக் செட் சொன்னேன்.
ஏழே முக்காலுக்குப் போன் வந்தது.
‘வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு செயலாளரே.
இன்னைக்கு முறை எங்களுக்கு.
விட்டா அடுத்த வாரம்தான்.’

மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து,
வழியில் எல்லோரும் குடித்தது போக
கடைமடைக்கு வந்திருக்கிற தண்ணீரிடம்
ஆட்டம் முடியட்டும், கொஞ்சம் நில் என்று
எந்தச் செயலாளர் சொல்வது?

பத்துப் பேர்தான் நின்றார்கள்.
நாற்பத்தாறு வயது, லேசாகச் சர்க்கரை,
இதுவரை ஒரு கோட்டையும் தாண்டாத நான்
மூன்றாம் எண் ஜெர்சியை மாட்டினேன்.
அவன் தோள் அகலம்;
எனக்கு அது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

மைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை.
எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து முழங்கினார்:
‘இருநூறாவது ஆட்டம் காணும்
எங்கள் வைரக்கண்ணு!’
மைதானம் சிரித்தது. மாலை விழுந்தது.
நான் கையைத் தூக்கினேன். வேறென்ன செய்ய?
ரெஃப்ரி எண்ணைப் பார்த்துப் பெயரை எழுதினார்.

காரைக்கால் பையன் ஒருவன்,
என் மகன் வயதுதான் இருக்கும்,
என்னைக் கடந்துபோனபடியே இருந்தான்.
ஒருமுறை ‘சாரி அங்கிள்’ என்றான்.
கார்னர் கொடி அருகில் மூச்சு வாங்கியபோது
வெளிச்சத்துக்கு அப்பால், வெகு தூரத்தில்,
டார்ச் ஒன்று நின்று நின்று நகர்ந்தது.
அவனாக இருக்கலாம். நண்டு பிடிப்பவர்களாகவும் இருக்கலாம்.

காலையில் டீக்கடையில் வைரக்கண்ணு,
முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.
வெல்வெட் தொப்பியை நீட்டினேன்.
திருப்பிப் பார்த்து, டீ கிளாஸை மூடினான்,
ஈ மொய்க்குது என்றான்.
பிறகு கேட்டான்,
‘எத்தனை வாங்கினோம்?’
‘மூணு.’
‘இடது பக்கமாவா?’
‘மூணும்.’