செல்லாத பேர்

சனிக்கிழமை ராத்திரி
மர்பி டவுனில் எங்கள் வீட்டு ஹாலில்
பிரபஞ்சம் ஒன்பது மணிக்குத் தொடங்கும்.
சிவாஜிநகரில் போன் ரிப்பேர் செய்யும் முனாவர்,
ஷூவைக் கழற்ற மறக்கும் திம்மையா,
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசும் இளஞ்சேரன்,
என் வீட்டுக்காரர் சவரி.
இரண்டு தட்டு மசால் வடை.
'தூமகேது வம்சம்': பதினொரு படம், நாற்பத்திரண்டு நாவல்.

மூன்றாம் படத்தில் சௌமம் கிரகத்துக்கு இரண்டு நிலா.
ஆறாம் படத்தில் ஒன்று.
இன்னொன்று எங்கே போச்சு?
"பின்னாடி இருந்திருக்கும்டா."
"பத்து நாளா பின்னாடியேவா, குரு?"
"கம்பெனிக்குக் காசு இல்ல மச்சா, ஒண்ணோட நிறுத்திட்டான்."
இந்த ஒரு நிலாவுக்காகத்தான்
திம்மையா ஏழு மாதம் எங்கள் படி ஏறவில்லை.
தம்பி கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோதும்
உட்காருமுன் கேட்டான்:
"ஒத்துக்கறியா, இல்லையா?"

நான் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள்.
ஒரே ஆளுக்கு ஒரு சீட்டில் வயது முப்பத்தொன்பது,
இன்னொன்றில் நாற்பத்திரண்டு.
எது நிஜம் என்பான் இன்ஷூரன்ஸ்காரன்.
நோயாளி இரண்டையும் பார்த்துவிட்டு
வலிக்கிற இடத்தைக் காட்டுவார்.

மகளுக்குப் பேர் வைத்தது சவரி.
சம்மதித்தது நான், தையல் போட்ட மயக்கத்தில்.
நெவிஸா.
ஞானஸ்நானத் தொட்டியருகே சாமியார் கேட்டார்:
"இது எந்தப் புனிதை?"
"எல்லாரும் விட்டுட்டுப் போன கப்பல்ல
ஆயிரம் வருஷம் ஒத்தை விளக்கை
அணையாமப் பார்த்துக்கிட்டவ, பாதர்."
அவர் கொஞ்சம் யோசித்து
முன்னால் ஒரு மரியாவைச் சேர்த்துக்கொண்டார்.

போன மாதம் கம்பெனி அறிவித்தது:
இனி படத்தில் வந்ததே வரலாறு.
நாவல்கள் நடக்கவில்லை.
ஐநூறு ரூபாய் செல்லாமல் போன ராத்திரி மாதிரி
நால்வரும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவென்யூ ரோடு நடைபாதையில்
முதுகு கிழிந்ததாய்ப் பொறுக்கி, பேரம் பேசி,
கல்யாணத்துக்கு முன்பிருந்தே சவரி சேர்த்தவை.
பதினேழாவதில் மட்டும் வருகிறவள் நெவிஸா.

"அப்ப அவ இல்ல," என்றான் இளஞ்சேரன்.
நியாயமான பையன், கணக்கில் பிசகமாட்டான்.
"இருந்திருந்தா அஞ்சாம் படத்துல
அந்த விளக்கு தெரிஞ்சிருக்கணும்."
சவரி வடையைப் பிட்டார், தின்னவில்லை.
உள்ளறையில்
கன்னடப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்த குரல் நின்றது.

யாருக்கும் தெரியாது,
நைட் ட்யூட்டியில், பில் கட்ட ஆளில்லாத
மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்
நாற்பத்திரண்டையும் நான் படித்து முடித்தது.
அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சொன்னேன்:
"அஞ்சாம் படம். தப்பிச்சுப் போற சீன்.
ஜன்னலுக்கு இடது மூலை, ஒரு மஞ்சள் புள்ளி.
நட்சத்திரத்தை எல்லாம் அவன் வெள்ளையாத்தான் போடுவான்."

சவரி என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

முனாவர் போனைத் துழாவினான்.
நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடி நிறுத்தி.
உள்ளங்கை அகல வெளிச்சத்தில் நான்கு தலைகள்.
"தூசிடா."
"லென்ஸ்ல பட்ட வெளிச்சம்."
"இல்ல, நகருது பாரு."
"நகரல, உன் கை ஆடுது."
அது என்னவென்று சத்தியமாய் எனக்கும் தெரியாது.
மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான்.

மணி ஒன்றரைக்குத் தூக்கம் வராமல்
எழுந்து வந்தாள் மகள்.
போனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
கடைசி வடையை எடுத்துக்கொண்டு கேட்டாள்:
"அம்மா, மிஸ் கேக்கறாங்க,
என் பேருக்கு ஒரு எஸ்ஸா, ரெண்டு எஸ்ஸா?"

"புத்தகத்துல ஒண்ணு," என்றேன்.
"பர்த் சர்ட்டிபிகேட்ல ரெண்டு."

நான்கு தலைகளும்
ஒன்றாய் நிமிர்ந்தன.