எர்த்

ஷுவைக். பிற்பகல் மூன்று, நாற்பத்தொன்பது டிகிரி.
பத்ர் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான்:
"ஸ்பீக்கருக்குள்ளே கொசு."

ஆக்சிலேட்டரை மிதித்தால் கொசுவும் குரலேற்றுகிறது.
ஆம்ப்பில் ஆர்சிஏ வயரைப் பிடுங்கினால் அடங்குகிறது.
எங்கோ இரண்டு எர்த்துக்குள் தகராறு.

டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி
கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போனேன்.
போல்ட் இறுக்கமாய்த்தான் இருந்தது,
பெயின்ட்டின் மேல்.
சுரண்டாமலே முடுக்கியிருக்கிறான், பாவி.

பச்சை டேப்.
நுனி உள்பக்கமாய் மடித்திருக்கிறது.
அப்படி மடிப்பது இந்தச் சந்தில் நான் ஒருவன்தான்.
போன ரமலான், கடைசி வண்டி,
நோன்பு திறக்க ஐந்து நிமிடம்.

தகரம் பல்லிளிக்கும்வரை தேய்த்தேன்.
கொசு செத்தது.

"முன்னே மாட்டியவன் யார்?"
"யாரோ பழைய ஆள்."

பத்ர் சிரித்துக்கொண்டு
கூடுதலாய் இரண்டு தினார் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.