துருசு

லான்ட்மாஸ்டரிலிருந்து தகரம் இறக்கும்போது
மேல்தகடு சறுக்கியதாம்.
ஞானரூபனின் இடது கழுத்தில்
நாலு விரற்கடை.
மல்லாவி ஆஸ்பத்திரி வாசலில்
சாரத்தைச் சுருட்டிப் பொத்தியபடி
இரண்டு பேர் அவனை நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"இருத்தாதேங்கோ!" டொக்டர் நிலானி கத்தினா.
"படுக்க வையுங்கோ. கால்மாடு உயரட்டும்
தலை தாழட்டும்."
பிறகு என்னைப் பார்த்தா.
நான் வாட்டுக் கூட்டுகிறவள்.
கையுறையை அவவே மாட்டிவிட்டு
"விரலை இதில வைச்சு அமத்துங்கோ.
நான் சொல்லுமட்டும் எடுக்கக் கூடாது."

நாடி என்றால் துள்ளும், செக்கச் செவேலென்று சீறும்.
இது துள்ளவில்லை.
கறுத்த சிவப்பில்
அவசரமில்லாமல் வந்துகொண்டேயிருந்தது.
குளம் வான் பாய்கிற வரத்தல்ல
துருசு சரியாய்ப் பூட்டாத வரத்து.
என் சுட்டுவிரல்
துருசுப் பலகை.

அம்புலன்ஸ் வன்னிவிளாங்குளம் தாண்டியது.
"அக்கா, கிடங்கு" என்று றிஸ்மி
ஒவ்வொரு கிடங்குக்கும் முன்னால் சொன்னான்.
மாங்குளத்தில் ரயில் கடவை பூட்டு.
நின்ற நேரத்தில்தான் கேட்டேன்:
ஏன் மிஸ் தலை கீழே?

"நாளத்தில அழுத்தம் இல்லை.
நிமிர்த்தினால் இரத்தம் வராது,
மூச்சு இழுக்கேக்க காத்தை உள்ள இழுக்கும்.
அது நேரே இதயத்துக்குப் போகும்.
தண்ணிப் பம்புக்குள்ள காத்துப் பிடிச்ச மாதிரி.
ஓடும், ஆனா இறைக்காது."

ரயில் வந்தது.
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
ஐந்தில் விட்டுவிட்டேன்.

மாத்தளனில்
பங்கருக்குள்
இவருக்கும் கழுத்தில்தான்.
பெரிய இரத்தம் இல்லை, தப்பிவிடுவார் என்றோம்.
தண்ணி கேட்டார்.
தலையைத் தூக்கி
என் நெஞ்சோடு நிமிர்த்திச் சாய்த்தேன்.
ஒரு சின்னச் சத்தம்
குழந்தை பாலை உறிஞ்சுகிற மாதிரி.
பிறகு தண்ணி
வாய்க்குள்ளேயே நின்றது.
இரத்தம் போய்ச் செத்தார் என்றுதான்
எல்லாருக்கும் சொன்னேன்.
மண்ணில் அவ்வளவு இரத்தம் இருக்கவில்லை.

கடவை திறந்தது.
டொக்டரிடம் இதைக் கேட்கவில்லை.
ஞானரூபன் கண்ணைத் திறந்து
"சாரம் எங்க?" என்றான்.
பேசாதே என்றேன்.
கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை.
முழங்கை வரை மரத்துப்போய்
விரல் என்னுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை.

வவுனியாத் தியேட்டரில்
பெரிய டொக்டர் மேலும் கீழும் கவ்வி போட்டார்.
"தைக்கப் பார்ப்பம். முடியாட்டிக் கட்டிவிடலாம்,
மற்றப் பக்கம் சுமக்கும்" என்றார்.
"இப்ப எடுங்கோ அம்மா."
எடுக்க முடியவில்லை.
ஒரு தாதி என் விரலைப் பிடித்து
மெல்லக் கழற்றினாள்.
அது மடங்கியே நின்றது.

தைத்துவிட்டார்களாம். இரவு பத்துக்குச் செய்தி வந்தது.

திரும்பும்போது அதே படுக்கையில் படுத்தேன்.
கழுவிய ஈரம் காயவில்லை.
கால்மாடு இன்னும் உயர்ந்தபடி.
"சரியாக்கட்டா அக்கா?" றிஸ்மி கேட்டான்.
வேண்டாம் என்றேன்.
தலை கீழே கிடக்க
மாங்குளம் வரை
மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.