தட்டைக்குச் சொந்தக்காரி

கதிர் களஞ்சியத்துக்குப் போயிற்று.
சாவி என் புருஷன் இடுப்பில்.
அளந்துதான் கொடுப்பான், கொடுக்கட்டும்.
தட்டை என்னுடையது.
கல்யாணத்தன்று அவன் அப்பன் சொன்ன வார்த்தை,
இதுவரை யாரும் திருப்பி வாங்கவில்லை.

இரண்டு ஆள் உயரச் சோளத்தட்டை.
பாலைவனத்துப் புழுதிக்காற்றில் தோகைகள் உரசும்,
கடன்காரன் வாசலில் செருப்பைத் தேய்ப்பது போல.

வருஷம் தவறாமல் ஜப்போ வருவான்.
நாற்பது மாடு, தோளின் குறுக்கே கோல்.
மூன்று இரவு மேய்ச்சல்.
விடிந்தால் எனக்கொரு சுரைக்குடுக்கைப் பால்,
நிலத்துக்குச் சாணம்.
எழுதிக்கொண்டதில்லை.
எழுதத் தெரிந்தவர் யாரும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த வருஷம் லாரி முந்திக்கொண்டது.
மராதியிலிருந்து லவாலி என்றொருவன்,
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி
கட்டுக்கு இருநூறு என்றான்.
பட்டணத்துப் பண்டிகை ஆடுகளுக்காம்.
முந்நூறு என்றேன்.
இருநூற்றைம்பதில் நின்றோம்.
இரண்டு நாள் வெட்டினேன்; தோகை என் முழங்கை வரை
தன் கணக்கை எழுதிவிட்டுப் போனது.
பணத்தை மூன்று தரம் எண்ணினேன்.
மூன்று தரமும் அதே தொகை,
அதிலும் ஒரு சந்தோஷம்.

நாலாம் நாள் மாடுகள் வந்தன,
போன வருஷ ஞாபகத்தில் நேரே வயலுக்குள்.
மூக்கைத் தாழ்த்தின. நின்றன.
கணுக்கால் உயர மொட்டைக் கட்டையை
ஒரு செவலை நக்கிப் பார்த்தது.

ஜப்போ டயர்த்தடத்தைப் பார்த்தான்.
பிறகு முறைப்படி விசாரித்தான்:
வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி,
களைப்பு எப்படி, தசல்லா?
களைப்பில்லை என்றேன்.
எங்கள் ஊரில் அதற்கு அந்தப் பதில்தான் உண்டு.

குளிக்கும் மறைப்பைப் புதிதாய்க் கட்டவென்று
வேலமரக் கிளையில் ஏற்றி வைத்திருந்தேன்,
பன்னிரண்டு கட்டு.
ஏறி, ஒவ்வொன்றாய்த் தள்ளினேன்.
"ஒரு ராத்திரி" என்றேன் மேலிருந்தே.
முகம் பார்த்துச் சொல்லும் தூரத்தில் நானில்லை.

காலையில் அரைக் குடுக்கை பால் இருந்தது.
அவன் இல்லை.
பழைய மறைப்பில் ஆள் தெரியும் ஓட்டைகள்.
இந்த வருஷம் எனக்குக் குளியல் இருட்டில்தான்.

மழை வரட்டும்.
மரத்தடியில் மாடுகள் நெருக்கி நின்ற
அந்த ஒரு வட்டத்தில் மட்டும்
சோளம் கறுகறுவென்று ஏறி நிற்கும்.
மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரம்.
பாதையில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள்.
விதை வேறு என்று
சொல்லிப் பார்க்க வேண்டும்.