தாமதக் கட்டணம்

கிரீனக்கில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வரும்.
குடை பிடித்திருந்தால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம்.

ஒன்பது வயதில் நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம்
ஆக்டோபஸ் பற்றியது.
அதற்கு மூன்று இதயங்கள் என்று
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது.
பக்கத்தைப் புரட்டுவதற்குள் வீடு மாறினோம்.
மாறினோம் என்றால்,
வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்கு முன்
இரவோடு இரவாக.
கறுப்புக் குப்பைப் பையில்
துணியோடு துணியாக அதுவும் வந்துவிட்டது.

நாளுக்கு ஐந்து பென்ஸ் தாமதக் கட்டணம்.
கணக்கில் நான் சுமார்தான்.
இந்த ஒரு கணக்கை மட்டும்
படுக்கையில் கிடந்து போட்டுக்கொண்டே இருந்தேன்.
பதினைந்து வயதில் நூறு பவுண்டைத் தாண்டியதும்
எண்ணுவதை விட்டேன்.
அந்தத் தெருவில் நடப்பதையும்.

ஸ்ட்ரூவன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான்:
சனிக்கிழமை, குடும்பத்தோடு, நூலகம்.
மழையாக இருக்குமே என்றேன்.
ஏழு வயதுப் பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான்:
“அம்மா, நம்ம ஊரில் அது ஒரு காரணமா?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அறிவுத் தாகம் எதுவும் இல்லை.
மின்மீட்டரில் நாலு பவுண்டு மிச்சம்,
லாக்லன் படகு வேலைக்குப் போய் ஒன்பது நாள்.
வீட்டைவிட எந்த இடமும்
கொஞ்சம் கதகதப்பாகத்தான் இருக்கும்.

மேசைமேல் புத்தகத்தை வைத்தேன்,
காவல் நிலையத்தில் கத்தியை வைப்பதுபோல.
இஷ்பெல் மக்கேக்னி, என்றேன்,
கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.
ரோனா என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
கணினியில் தேடினாள், மறுபடி தேடினாள்.
“நீங்கள் இதில் இல்லையே.
கட்டணம் எல்லாம் எடுத்தே பல வருஷமாச்சு.”
பிறகு பக்கங்களைப் புரட்டிவிட்டு,
கொஞ்சம் சங்கடத்தோடு:
“ரொம்பப் பழசு. அலமாரியில் திரும்ப வைக்க முடியாது.”
கழிவு முத்திரை குத்தி
வாசலோரத் தள்ளுவண்டியில் போட்டாள்.
எதை எடுத்தாலும் இருபது பென்ஸ்.

பையில் துழாவினேன். இருபது பென்ஸ் இருந்தது.
என் புத்தகத்தை நானே விலைக்கு வாங்கினேன்.

எஃபிக்கு மூன்று வயது. அவளுக்கும் ஒரு அட்டை.
கையெழுத்து என்று கொடுத்த கட்டத்தில்
ஒரு புழுவை வரைந்தாள்.
அதைச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம்
சின்னச் சின்ன விஷயங்கள்தான்.
அங்கே துளையிடும் இயந்திரம்கூட இரவல் தருகிறார்கள்;
நாலு வருஷமாகப் போர்வையால் மூடிக்கிடந்த ஜன்னலுக்குத்
திரை மாட்டினோம்.
வியாழக்கிழமைப் பாட்டு நேரத்தில்
எஃபியின் காலணியை மாற்றிப் போட்டுக்கொண்டுபோன பிள்ளையின் அம்மா,
எரித்திரியாவிலிருந்து வந்த பிலேன்,
இப்போது என் இரவு ஷிஃப்டுகளுக்குப்
பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.
அவளுடைய ஞாயிறுகள் என் பொறுப்பு.
பதினோரு பக்க விண்ணப்பம் ஒன்றை
ரோனா பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தந்தாள்.
ஹீட்டருக்குப் பணம் வந்தது.
வந்த பிறகும் சனிக்கிழமை போகிறோம்.

லாக்லன் விடுப்பில் வந்தால்
கப்பல் விபத்துகள் பற்றி மட்டுமே எடுப்பான்.
மூன்றாம் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவான்.
இதுவும் ஒரு பயன் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நேற்று, ஜோடி சேராத காலுறைகளை நான் பிரிக்க,
ஸ்ட்ரூவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்,
நாற்பத்திரண்டாம் பக்கம்:
நீந்தும்போது அதன் இதயங்களில் ஒன்று நின்றுவிடுமாம்.
களைத்துப் போகுமாம்.
அதனால்தான் முடிந்தவரை
தரையோடு ஊர்ந்தே போகிறதாம்.

“எந்த இதயம்?” என்றாள் எஃபி.

எனக்குத் தெரியவில்லை.
சனிக்கிழமை கேட்கலாம் என்றேன்.
ஆறு புத்தகங்கள் வாசலில் தயாராக இருக்கின்றன,
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில்,
வாயை இறுக்கிக் கட்டி.